வேர்க் பெர்மிட் முடியப்போகுது, என்ன செய்யிறது? கனடாவில் அகதிக் கோரிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், வேலை அனுமதி முடியும் மாதம் நெருங்கியதும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நான் வழக்கறிஞர் இல்லை. தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பக் கைகொடுப்பவள். ஒரே பதிலை வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எந்த இடத்தில் கட்டாயம் லோயரிடம் போக வேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

அக்கா, என்னட்ட ரெண்டு பேப்பர் இருக்கு. ஒண்டு பிரவுண் பேப்பர், மற்றது வேர்க் பெர்மிட். ரெண்டும் ஒண்டுதானோ?

இல்லை. பிரவுண் பேப்பர் என்று எங்கள் ஆட்கள் சொல்வது அகதிக் கோரிக்கையாளர் ஆவணத்தை. நீங்கள் பாதுகாப்புக் கேட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஐ.எஃப்.எச்.பி. என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்புக்கும் வைத்தியரிடம் அதைத்தான் காட்ட வேண்டும். வேர்க் பெர்மிட் வேறு. நீங்கள் சட்டப்படி வேலை செய்யலாம் என்று குடிவரவுத் திணைக்களம், அதாவது ஐ.ஆர்.சி.சி., தனியாகத் தரும் அனுமதி அது.

இரண்டிலும் வேறு வேறு திகதிகள் இருக்கலாம். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் பார்த்து, இரண்டையும் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்தால், பேப்பர் தொலைந்த அன்று நிம்மதியாக மூச்சு விடலாம்.

வேர்க் பெர்மிட் முடிஞ்சா என்ர கேஸும் முடிஞ்சுதோ?

இல்லை. உங்கள் கோரிக்கையை விசாரிப்பது குடிவரவு அகதிகள் சபை, ஐ.ஆர்.பி. அது தனி அமைப்பு. பெர்மிட் முடிந்தாலும் உங்கள் கோப்பு அங்கே அப்படியே இருக்கும். பெர்மிட் இல்லாத நாட்களில் வேலைக்குப் போக முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் மறுபக்கம் உண்மை. கோரிக்கை இருப்பதால்தான் பெர்மிட் கிடைக்கிறது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலோ, நீங்கள் திரும்பப் பெற்றாலோ, கைவிடப்பட்டது என்று சபை தீர்மானித்தாலோ பெர்மிட்டும் ஆட்டம் காணும். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

எப்ப போடோணும்? ஆறு மாசத்துக்கு முதலே போடலாமோ?

முடிவதற்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்னாவது போடுங்கள் என்பது திணைக்களம் சொல்வது. மூன்று, நான்கு மாதத்துக்கு முன் போடுங்கள் என்பது நான் சொல்வது. அவ்வளவு முன்னால் போட்டால், ஏதாவது விடுபட்டு விண்ணப்பம் திரும்பி வந்தாலும் திருத்தி மறுபடி போட நாள் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் போட்டுப் பெரிய இலாபம் இல்லை.

முடியும் திகதிக்கு முன் போட்டீர்களா, பின் போட்டீர்களா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் உங்கள் நிலை முற்றிலும் மாறிவிடும். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குக் கடவுச்சொல் மறந்துபோய் என்னை அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

காசு எவ்வளவு கட்டோணும்? ஒருத்தர் 255 டொலர் எண்டுறார்.

கோரிக்கை தீர்மானிக்கப்படாமல் இருக்கும் அகதிக் கோரிக்கையாளருக்கும் அவரது குடும்பத்தினருக்கும் வேலை அனுமதிக் கட்டணம் இல்லை. புதுப்பிக்கும்போதும் இல்லை. 155 டொலரும், எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்ற திறந்த அனுமதிக்கான 100 டொலரும் சேர்ந்த அந்த 255 மற்ற வகையினருக்கு உரியது. கைவிரல் அடையாளத்துக்கான 85 டொலரும் உங்களுக்கு இல்லை.

இணையத்தில் போடும்போது கடைசியில் திரை உங்களிடம் கட்டணம் கேட்டால், தொடக்கக் கேள்விகளில் எங்கேயோ தவறாகப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்கலாம் என்று அட்டையை எடுக்காதீர்கள். திரும்பப் போய், அகதிக் கோரிக்கையாளர் என்று தெரிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

படிவம் திறபடுதே இல்லை. "ப்ளீஸ் வெயிற்" எண்டு மட்டும் காட்டுது. என்ர கொம்பியூட்டர் பிழையோ?

கொம்பியூட்டர் பிழை இல்லை. ஐ.எம்.எம். 5710 என்ற அந்தப் படிவம் இணைய உலாவிக்குள் திறக்காது, கைப்பேசியிலும் திறக்காது. முதலில் கணினியில் தரவிறக்கிச் சேமியுங்கள். பிறகு அடோபி ரீடர் மென்பொருளைத் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைத் திறவுங்கள். அரை மணி நேரம் "ப்ளீஸ் வெயிற்" திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் பலர்.

நிரப்பி முடிந்ததும் "வலிடேற்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஏதாவது விடுபட்டிருந்தால் அந்தப் பெட்டி சிவப்பாகும். எல்லாம் சரியென்றால் கோடு கோடாகக் குறியீடுகள் அச்சான பக்கம் ஒன்று உருவாகும். அந்தப் பக்கம் வராத படிவத்தை ஏற்றாதீர்கள். எந்த வகை அனுமதி என்று கேட்கும் இடத்தில் திறந்த வேலை அனுமதி என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்படியில்லாமல் குறிப்பிட்ட முதலாளிக்கு உரியதைத் தெரிவு செய்தால் இல்லாத ஆவணமெல்லாம் கேட்கும்.

என்னென்ன பேப்பர் ஏத்தோணும்? பாஸ்போர்ட்டை எயார்போர்ட்டிலேயே எடுத்திட்டாங்கள்.

இப்போதைய வேர்க் பெர்மிட், கோரிக்கையாளர் ஆவணம் (இரண்டு பக்கமும்), திரை கேட்டால் புகைப்படம். கடவுச்சீட்டை எல்லைச் சேவை அதிகாரிகள் எடுத்திருந்தால், எடுத்ததற்கு ஒரு பற்றுச்சீட்டு தந்திருப்பார்கள். கடவுச்சீட்டுக் கேட்கும் இடத்தில் அதையும், கையில் ஏதாவது நகல் இருந்தால் அதையும், "என் கடவுச்சீட்டு அதிகாரிகளிடம் உள்ளது" என்று இரண்டு வரியில் ஒரு கடிதத்தையும் ஒன்றாக்கி ஏற்றுங்கள். அகதிக் கோரிக்கையாளருக்கு அனுமதி தரச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும் என்றில்லை.

உங்கள் வாடிக்கையாளர் இலக்கம், அதாவது யு.சி.ஐ., இரண்டு ஆவணத்திலும் இருக்கும். அதைப் பிழையாக அடித்தால் விண்ணப்பம் உங்கள் கோப்போடு போய்ச் சேராது. இரண்டு தரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கட ஆக்களுக்குச் சேர்நேம் எண்டு ஒண்டும் இல்லையே. அப்பாவின்ர பேரை எங்க போடுறது?

முதல் பெர்மிட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டியில் ஏறியிருந்தால் இப்போதும் அங்கேயே போடுங்கள். "இந்த முறையாவது சரியாக எழுதுவோம்" என்று மாற்றினால் கணினிக்கு நீங்கள் வேறொரு ஆள். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கி, சம்பளப் பட்டியல் எல்லாம் பழைய எழுத்தில் இருக்க, பெர்மிட் மட்டும் புது எழுத்தில் வந்து நிற்கும்.

உண்மையிலேயே எழுத்துப் பிழை இருந்தால் அதைத் திருத்துவதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது. புதுப்பித்தலோடு கலக்காதீர்கள். பெயரோ பிறந்த திகதியோ கோரிக்கைப் படிவத்தில் ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் இருந்தால் முதலில் லோயரிடம் சொல்லுங்கள். விசாரணையில் அது கேள்வியாக வரலாம்.

திருப்பியும் மெடிக்கல் எடுக்கோணுமோ? கைரேகை?

கோரிக்கை வைத்தபோது கைரேகையும் படமும் கொடுத்தவர்கள் வேலை அனுமதிக்காக மறுபடி கொடுக்கத் தேவையில்லை. மருத்துவப் பரிசோதனையும் பெரும்பாலும் வேண்டாம். வேண்டுமென்றால் கடிதம் வரும். வந்தால், திணைக்களம் அங்கீகரித்த வைத்தியரிடம்தான் போக வேண்டும், உங்கள் குடும்ப வைத்தியரிடம் அல்ல.

போட்டாச்சு. ஆனா பழைய பெர்மிட் போன கிழமை முடிஞ்சிட்டுது, புதுசு வரேல்லை. வேலைக்குப் போகலாமோ?

போகலாம். முடியுமுன் புதுப்பிக்க விண்ணப்பித்தவர், முடிவு வரும்வரை பழைய அனுமதியின் அதே நிபந்தனைகளில் தொடர்ந்து வேலை செய்யலாம். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 186(யு) பிரிவு சொல்வது இது. கனடாவை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். பழைய அனுமதியின் நிபந்தனைகளை மீறாமல் இருக்க வேண்டும். திறந்த அனுமதி என்றால் இந்தக் காலத்தில் வேலை மாறவும் தடையில்லை.

இணையத்தில் அனுப்பிய பிறகு, உங்கள் கணக்குக்கு ஒரு கடிதம் வரும். நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள், முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்பதற்கான அத்தாட்சி அது. அதைப் பதிவிறக்கி அச்செடுத்துப் பழைய பெர்மிட்டோடு சேர்த்து வையுங்கள். விண்ணப்பம் அனுப்பிய திகதியுள்ள உறுதிப்படுத்தலையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கட மனேஜர் "புதுப் பேப்பர் இல்லாட்டி வரவேண்டாம்" எண்டுறார். நான் என்ன சொல்லுறது?

அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் சட்டப்படி அவருக்கும் குற்றம் என்பதால் பயப்படுகிறார். மேலே சொன்ன கடிதம், பழைய பெர்மிட், அனுப்பிய உறுதிப்படுத்தல் மூன்றையும் கொண்டுபோய் மனேஜரிடம் அல்ல, மனிதவளப் பிரிவிடம் கொடுங்கள். பெரிய நிறுவனங்களில் அவர்களுக்கு இது புதிதல்ல. பழைய பெர்மிட்டின் முடிவுத் திகதியையும் விண்ணப்பத் திகதியையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொடுத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

தொழில் முகவர் மூலம் வேலை செய்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். முகவர் அலுவலகம் ஒரு பேச்சு, தொழிற்சாலை ஒரு பேச்சு. இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள். வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை.

சின் நம்பரும் முடிஞ்சு போச்சே. புது நம்பர் எடுக்கோணுமோ?

இலக்கம் மாறாது. 9-இல் தொடங்கும் சின் நம்பருக்கு முடிவுத் திகதி உண்டு. அது பெர்மிட்டின் திகதியோடு ஓடும். புதுப் பெர்மிட் கைக்கு வந்தவுடன் அதைக் காட்டி சேர்விஸ் கனடா என்ற மத்திய அரசுச் சேவை நிலையத்தில் திகதியைப் புதுப்பிக்க வேண்டும். இலவசம். பிறகு அந்தப் புதுத் திகதியை வேலையிடத்துக்கும் வங்கிக்கும் கொடுங்கள். இதை மறந்துவிடுபவர்கள் ஏராளம்.

இடைக்காலத்தில் சின் திகதி கடந்திருந்தாலும், மேலே சொன்னபடி சட்டப்படி வேலை செய்துகொண்டிருப்பவர் அதே இலக்கத்திலேயே தொடரலாம். முகவர் அலுவலகங்கள் இந்தத் திகதியைப் பார்த்துத்தான் அதிகம் பதறும். அதே மூன்று பேப்பரைக் காட்டுங்கள்.

அந்தக் கடிதத்தில இருக்கிற திகதியும் முடியப்போகுது. இப்ப?

உங்களை வேலை செய்ய விடுவது சட்டம். கடிதம் அதைக் காட்டும் துண்டு மட்டுமே. முடிவு வராதவரை உங்கள் உரிமை தொடரும். கணக்குக்குள் போய், விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று காட்டும் பக்கத்தை அன்றைய திகதியோடு அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

நான் மறந்தே போனன் அக்கா. முடிஞ்சு மூண்டு கிழமை. இனி ஒண்டும் செய்யேலாதோ?

செய்யலாம், ஆனால் வேலையை இன்றே நிறுத்த வேண்டும். மேலே சொன்ன தொடரும் உரிமை உங்களுக்கு இல்லை, ஏனென்றால் நீங்கள் முடியுமுன் போடவில்லை. கோரிக்கை நிலுவையில் இருப்பதால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகுதி உங்களிடம் இன்னும் இருக்கிறது. உடனே புதிதாகப் போட்டுவிட்டு, கையில் பெர்மிட் வந்த பிறகு வேலைக்குப் போங்கள்.

90 நாளுக்குள் நிலையை மீட்கலாம் என்று யாராவது சொன்னால், அது வருகையாளர், மாணவர், தற்காலிகத் தொழிலாளர் போன்றோருக்கான ஏற்பாடு. அதற்குக் கட்டணமும் உண்டு. அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த மூன்று கிழமையில் வேலை செய்திருந்தால் அதை மறைத்துப் படிவத்தில் எழுதாதீர்கள். என்ன எழுதுவது என்று லோயரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அதுவரைக்கும் கையில காசு வாங்கி வேலை செய்தா ஆருக்குத் தெரியப்போகுது?

தெரியாமலே போகலாம். ஆனால் அந்த நாட்களுக்கு சம்பளப் பதிவு இல்லை, வேலையிழப்புக் காப்புக்கு மணித்தியாலம் சேராது, ஓய்வூதியத்துக்குப் பங்களிப்புப் போகாது. கைகாசு முதலாளி கடைசி இரண்டு கிழமைச் சம்பளத்தை ஏமாற்றினால் நீங்கள் முறையிடவும் தயங்குவீர்கள். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் ஏமாற்றுகிறார். அதோடு, சபை உங்கள் வாயிலிருந்து வருவதை நம்பலாமா என்பதில்தான் கேஸே நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மறைக்க வேண்டிய ஒன்றை நீங்களாகவே உண்டாக்குவானேன்?

வீடு மாறினனாங்கள். லோயரிட்டச் சொல்லிட்டம். காணும்தானே?

காணாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். புது முகவரியை ஐ.ஆர்.சி.சி.க்குத் தனியாக, ஐ.ஆர்.பி.க்குத் தனியாக, எல்லைச் சேவை முகவரகத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குப் போகும் என்று நம்பாதீர்கள். லோயருக்குச் சொல்வது நான்காவது.

ஒருவர் முன்பு இருந்த பேஸ்மன்ற் வீட்டின் சப்பாத்துத் தட்டில், பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவே, விசாரணை அறிவித்தல் பிரிக்கப்படாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். விசாரணைக்குப் போகாவிட்டால், கோரிக்கை கைவிடப்பட்டதா என்று தீர்மானிக்க சபை இன்னொரு அமர்வு வைக்கும். அந்த அறிவித்தலும் பழைய முகவரிக்கே போனால்? கைவிடப்பட்டது என்று தீர்மானமானால் பிறகு இன்னொரு கோரிக்கை வைக்க முடியாது; பெர்மிட்டும் அதோடு போகும். புதுப் பெர்மிட்டும் தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டி வையுங்கள்.

மனுசிக்கும் பிள்ளையளுக்கும் ஒரே விண்ணப்பத்தில போடலாமோ?

வேலை அனுமதி ஆளுக்கு ஒன்று. கணவன், மனைவி இரண்டு பேரும் தனித்தனிப் படிவம் போட வேண்டும். இரண்டு பேரின் முடிவுத் திகதியும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் படிப்பு அனுமதி தேவையில்லை. உங்கள் பெர்மிட் முடிந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தேவையே இல்லை.

பெரியவர்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கல்லூரிப் படிப்புக்குப் போவதென்றால் படிப்பு அனுமதி எடுக்க வேண்டும். திறந்த வேலை அனுமதி அதற்கு ஈடாகாது.

பெர்மிட் முடிஞ்சா மருத்துவக் காப்பும் நிண்டிடுமோ?

இல்லை. ஐ.எஃப்.எச்.பி. கோரிக்கையோடு இணைந்தது, பெர்மிட்டோடு அல்ல. அதற்குத் தனித் திகதி இருந்தால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். ஓஹிப் என்ற ஒன்ராறியோ மாகாண மருத்துவக் காப்பு அட்டை, கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான்.

என்ர சிறீலங்கா பாஸ்போர்ட் முடியப்போகுது. பெர்மிட்டுக்காகக் கொன்சுலேற்றில புதுப்பிக்கட்டோ?

லோயரிடம் கேட்காமல் அந்தப் படி ஏறாதீர்கள். வேலை அனுமதிக்கு அது தேவையில்லை என்று முன்பே சொன்னேன். "அந்த அரசிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு இல்லை" என்று சொல்லிக்கொண்டு, அதே அரசின் அலுவலகத்தில் நீங்களாக விரும்பிப் போய்க் கடவுச்சீட்டு எடுத்தால், பயம் எங்கே என்று கேட்பார்கள்.

கேஸ் வென்ற பிறகும், பி.ஆர். என்ற நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகும் இந்த அபாயம் தீராது. சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியவர் என்று காட்டி, அகதி நிலை முடிந்துவிட்டதாக அறிவிக்கும்படி அரசு சபையிடம் கேட்கலாம். 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி அறிவிக்கப்பட்டால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்து பறிபோகும். குடியுரிமை எடுக்கும்வரை இதை மனதில் வையுங்கள். வங்கிக்காரர் கேட்டார், மாமா சொன்னார் என்பதற்காகக் கடவுச்சீட்டுப் புதுப்பித்தவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வருத்தம் கடுமை. ஊருக்குப் போகேல்லை, இந்தியாவுக்கு அவவைக் கூப்பிட்டு ஒருக்காப் பாத்திட்டு வரலாமோ?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது கனடாவை விட்டுப் போனால், எந்த நாட்டுக்குப் போனாலும், திரும்பி வர உங்களிடம் ஆவணம் இல்லை. வேர்க் பெர்மிட் பயண ஆவணம் அல்ல. நீங்கள் இல்லாதபோது கோரிக்கை கைவிடப்பட்டதாகலாம். வெளியே நிற்கும் நாளில் 186(யு) தரும் வேலை உரிமையும் இல்லை.

கேஸ் வென்ற பிறகு அகதிப் பயண ஆவணம் எடுத்து மூன்றாம் நாடு ஒன்றில் சந்திப்பது பலர் செய்வது. அந்த ஆவணத்தில் நீங்கள் தப்பி வந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அதுவரை வீடியோ அழைப்புத்தான். அவசரம் என்றால், விசாரணையை முன்கூட்டி வைக்கக் கேட்க முடியுமா என்று லோயரிடம் கேளுங்கள்.

எனக்கு முதல் நாளே டிபார்ச்சர் ஓர்டர் தந்திட்டாங்கள். அப்ப பெர்மிட் எப்பிடித் தருவாங்கள்?

கோரிக்கை வைக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் அதைத் தருவார்கள். நிபந்தனையோடு கூடிய வெளியேற்ற உத்தரவு அது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை நடைமுறைக்கு வராது. பெர்மிட்டுக்கு அது தடையில்லை. கேஸும் அதன் பின்னான வழிகளும் முடிந்த பிறகுதான் அது உயிர்பெறும். உயிர்பெற்று 30 நாளுக்குள் முறைப்படி வெளியேறாவிட்டால் நாடுகடத்தல் உத்தரவாக மாறும்.

கேஸ் தோத்திட்டுது. ஆனா பெர்மிட்டில இன்னும் ஒரு வருசம் இருக்கு. வேலை செய்யலாமோ?

பெர்மிட்டில் அச்சாகியிருக்கும் திகதியை மட்டும் பார்த்து இருந்துவிடாதீர்கள். வெளியேற்ற உத்தரவு நடைமுறைப்படுத்தக்கூடியதாக ஆகும் நாளில் பெர்மிட் செல்லாததாகிவிடும் என்று ஒழுங்குவிதி சொல்கிறது, திகதி எவ்வளவு மீதமிருந்தாலும் சரி.

எழுத்து மூலத் தீர்ப்புக் கிடைத்து 15 நாளுக்குள் அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கு அறிவித்தல் கொடுத்தால், அந்த முறையீடு முடியும்வரை உத்தரவு நடைமுறைக்கு வராது. அங்கும் தோற்று, உரிய நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலோருக்கு வெளியேற்றம் தானாக நிறுத்தி வைக்கப்படும். ஆனால் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை எல்லோருக்கும் இல்லை. உறவினர் இங்கே இருக்கிறார் என்ற விதிவிலக்கில் அமெரிக்க எல்லையூடாக வந்தவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்; அவர்கள் நேரே நீதிமன்றத்துக்குத்தான் போகலாம், அந்தத் தானான நிறுத்தமும் அவர்களுக்கு இல்லை. தீர்ப்புக் கடிதம் வந்த அன்றே லோயருக்கு அழையுங்கள். அழுவதற்குப் பிறகு நேரம் இருக்கும். 15 நாள் நிற்காது.

வென்றிட்டன்! இனி வேர்க் பெர்மிட் தேவையில்லைத்தானே?

வாழ்த்துக்கள், ஆனால் தேவை. இப்போது நீங்கள் பாதுகாக்கப்பட்ட நபர்; பி.ஆர். விண்ணப்பம் போட்டு அது முடியும்வரை வேலைக்கு அனுமதி வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. இணைக்க வேண்டியது சபையின் தீர்ப்பு அறிவித்தல். படிவத்தில் இனி கோரிக்கையாளர் என்று அல்ல, பாதுகாக்கப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். பி.ஆர். விண்ணப்பத்துக்குச் செயன்முறைக் கட்டணம் உண்டு. நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் என்ற மற்றது உங்களுக்கு விலக்கு.

பி.ஆர். வர நீண்ட காலம் எடுக்கிறது. இடையில் பெர்மிட் முடியும். மேலே சொன்ன அதே திகதிக் கணக்கு அப்போதும் பொருந்தும்.

கேஸை விட்டிட்டு எச்.அன்.சி. போடச் சொல்லுகினம். அதில பெர்மிட் கிடைக்குமோ?

எச்.அன்.சி. என்பது மனிதாபிமான, கருணை அடிப்படையிலான நிரந்தர வதிவிட விண்ணப்பம். கோரிக்கை சபையில் நிலுவையில் இருக்கும்போது அதைப் பரிசீலிக்க மாட்டார்கள். கேஸ் தோற்றால் 12 மாதத் தடை உண்டு. பிள்ளையின் நலன், நாட்டில் கிடைக்காத சிகிச்சையால் உயிராபத்து போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. போட்டதனால் மட்டும் வேலை அனுமதி கிடைக்காது, வெளியேற்றமும் நிற்காது. முதற்கட்ட ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

அதனால், கையில் இருக்கும் கோரிக்கையையும் பெர்மிட்டையும் விட்டுவிட்டு இதற்குத் தாவச் சொல்பவர் எவ்வளவு பணம் கேட்கிறார் என்று பாருங்கள்.

சிற்றிசன் பிள்ளையைக் கலியாணம் செய்திருக்கிறன். ஸ்பொன்சர் போட்டாச்சு. கேஸைத் திரும்ப எடுக்கட்டோ?

அவசரப்படாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். கோரிக்கையைத் திரும்பப் பெற்றால் அந்த நிபந்தனை உத்தரவு விரைவிலேயே நடைமுறைக்கு வரும். பிறகு வாழ்நாளில் இன்னொரு கோரிக்கை வைக்கவும் முடியாது. ஸ்பொன்சர் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதன் மூலம் வேறு வேலை அனுமதி வந்துவிட்டதா என்பதையெல்லாம் பார்த்து லோயர் சொல்ல வேண்டிய முடிவு இது. திருமண மண்டபத்தில் எடுக்கும் முடிவு அல்ல.

ஒருத்தர் 600 டொலர் தந்தா "உள்ளுக்க ஆள் இருக்கு, கெதியா எடுத்துத் தாறன்" எண்டுறார்.

உள்ளே ஆள் இல்லை. கட்டணமே இல்லாத விண்ணப்பத்துக்குக் கேட்கும் அந்தக் காசு அவர் பைக்குத்தான் போகும். பணம் வாங்கி உங்களுக்காக விண்ணப்பம் செய்யச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள் வழக்கறிஞர்கள், கியூபெக்கின் நொத்தாரிசுகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் போன்றோர்தான். ஆலோசகரின் பெயரை, அவர்களுக்கு உரிமம் தரும் "கொலேஜ்" என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பணம் வாங்காமல் நண்பரோ உறவினரோ உதவலாம்.

யார் செய்தாலும், கணக்கு உங்கள் மின்னஞ்சலில், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, கடிதம் வந்தும் சொல்லாமல் இருந்தால், கேட்ட ஆவணத்தைக் குறித்த நாளுக்குள் கொடுக்காததற்காக விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அனுப்பியதன் முழு நகலையும் வாங்கி வையுங்கள்.

போட்டு எத்தினையோ மாசம். ஒரு சத்தமும் இல்லை. ஆரைக் கேக்கிறது?

முதலில் இணையத்தில் காட்டும் பரிசீலனைக் காலத்தைப் பாருங்கள். அது கடக்காமல் கேட்டால் "காத்திருங்கள்" என்றுதான் வரும். கடந்துவிட்டால் ஐ.ஆர்.சி.சி.யின் இணையப் படிவத்தில் விசாரியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் தொகுதி மத்திய நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். நீங்கள் வாக்காளர் இல்லாவிட்டாலும் தொகுதியில் வசித்தால் போதும். ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் கோப்பைப் பற்றிக் கேட்பார்கள். முடிவை மாற்ற அவர்களால் முடியாது. எங்கே தங்கி நிற்கிறது என்று அறிந்து சொல்ல முடியும்.

இன்னொரு வழி, உங்கள் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்குவது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர், அந்தரங்கச் சட்டத்தின் கீழ் இலவசம். 30 நாளில் தர வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் பிந்தும். வரும் பக்கங்கள் சுருக்க எழுத்துகளால் நிறைந்திருக்கும். தனியே வாசித்துப் பயப்படாமல் லோயரோடு இருந்து வாசியுங்கள்.